ஐந்தாவது கை

“ஐயா, இந்த டீக்கு நீங்க காசு கொடுத்தீங்கன்னா, நாளையிலேர்ந்து நான் வேலைக்கே வர மாட்டேன்.”

கூட்ட அறைக்கு வெளியே உட்கார்ந்திருந்த ரொட்டிக் கம்பெனி முதலாளி நிமிர்ந்து பார்த்தார். டீக்கார அம்மாள் நீட்டிய டம்ளரில் ஒரு குழந்தையைக் குளிப்பாட்டலாம். அவ்வளவு பெரிசு.

“எதுக்கும்மா இதெல்லாம்?”

“எதுக்கா? நாடு முழுக்க இவ்வளவுன்னு ஒரு அளவுக்குக் கீழ யாருக்கும் கூலி கொடுக்கக் கூடாதுன்னு ஆச்சே, யாரால? கமிட்டியில முதலாளிங்க நாலு பேர், தொழிலாளிங்க நாலு பேர். நீங்க மட்டும் கை தூக்கலைன்னா நாலுக்கு நாலுன்னு அப்படியே கிடந்திருக்கும்.”

முதலாளி நெளிந்தார். அந்த ஒரு கைக்காக முதலாளிகள் சங்கத்தில் அவரோடு யாரும் பேசுவதில்லை. சொந்த மச்சான்கூட போனை எடுப்பதில்லை. வீட்டு நாய் மட்டும்தான் இன்னும் கட்சி மாறவில்லை.

சட்டைப் பையில் ஒரு கடிதம் இருந்தது. ‘என் ஓட்டைத் திரும்பப் பெறுகிறேன்.’ அந்த முடிவை மறுபடி பரிசீலிக்கும் இன்றைய கூட்டத்தில் அதைக் கொடுத்தால் போதும், கூலி பழையபடி இறங்கிவிடும்.

“முன்னெல்லாம் இங்க முடிச்சுட்டு ஆஸ்பத்திரிக்குப் போய் ஆறு மாடிப் படியும் கழுவுவேன்யா. எம் மக முழிச்சிருந்து நான் பார்த்ததே இல்லை. இப்ப இந்த ஒரு வேலையே போதும். சாயங்காலமே வீட்டுல இருக்கேன். ‘என்னம்மா இப்படிப் பேசித் தள்றே, மறுபடியும் படி கழுவப் போயேன்’கிறா.”

முதலாளிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்த வாய் மூடவில்லை, கண் கலங்கிவிட்டது. கடிதத்தை எடுத்தார். நாலாய், எட்டாய், பதினாறாய்க் கிழித்துக் கூடையில் போட்டார்.

“உங்ககிட்ட மறைக்கக் கூடாதும்மா. அன்னிக்கு நான் ஓட்டுப் போடக் கை தூக்கலை. மூணு மணி நேரம் கத்திக் கத்தித் தொண்டை வறண்டு போச்சு. கதவோரமா நீங்க நின்னீங்க. இன்னொரு டீ கேட்டுத்தான் தூக்கினேன். நான் வாயைத் திறக்கறதுக்குள்ள தலைவர் எண்ணிட்டார், தொழிலாளிங்க நாலு பேரும் கையைத் தட்டிட்டாங்க.”

அம்மாள் நிதானமாக மேசையைத் துடைத்தார்.

“தெரியும்யா. நான் கிட்ட வந்திருந்தா கையை இறக்கியிருப்பீங்க. அதான் தலைவர் எண்ணி முடிக்கிற வரைக்கும் உங்களைப் பார்க்காத மாதிரியே நின்னேன். குடிங்க, அன்னிக்குக் கேட்ட டீதான் அது.”