பின்னல் நூல்

“சீச்சீ! நாம சோறு திங்கிற கிண்ணம் அது!” நியேலே மூக்கைப் பொத்திக்கொண்டாள்.

கணவன் பகாரி அசரவில்லை. பழுதுபார்க்க வந்த கிழட்டு ஃபிலிம் கேமராவின் பின்கதவைத் திறந்துவைத்து, உளுத்துப் பிசினாகிப்போன ஸ்பாஞ்சைப் பல்குச்சியால் சுரண்டி அந்தக் கிண்ணத்திலேயே வழித்துக்கொண்டிருந்தான். கறுப்பாக, பிசுபிசுவென்று, பெட்ரோல் நாற்றத்தோடு. போதாததற்கு விரலில் எச்சில் தொட்டு லென்ஸை வேறு துடைத்தான். கர்மம்!

“காராமணி திங்கிற வம்சம்தானே! நாத்தம் எங்க உறைக்கப்போகுது?” வழக்கமான குலக் கேலியை எடுத்துவிட்டாள்.

“உங்க வம்சம் மட்டும் தேனைக் குடிச்சா வளர்ந்துச்சு?” என்று இளித்தான்.

பக்கத்து வீட்டு இளம்பெண் ஜெனெபா வாசலில் எட்டிப் பார்த்தாள். “அண்ணே, எங்கப்பா கேமரா ஆயிடுச்சா?”

“நாளைக்கு வாம்மா” என்றான், தலை நிமிராமல். சிவப்பு நூல் சுற்றிய தலைப் பின்னல்கள் தோளில் துள்ள அவள் போய்விட்டாள்.

நியேலே இடுப்புத் துணி முடிச்சை அவிழ்த்து, எதையோ எடுத்துக் கைக்குள் மூடிக்கொண்டாள். ஊராருக்குத் தலைபின்னும் சாமான் கூடையை நகர்த்திவிட்டு அவனெதிரே உட்கார்ந்தாள்.

“உங்க சட்டைக் காலர்ல தலைபின்னுற நூல் சுத்தியிருந்துச்சு. நான் யாருக்கும் நூல் வச்சுப் பின்னுறதே இல்ல. உண்மையைச் சொல்லுங்க. இல்லேன்னா இன்னைக்கே எங்கம்மா வீட்டுக்குக் கிளம்புறேன்.”

ஒரு கணம் விழித்த பகாரி, விழுந்து விழுந்து சிரித்தான்.

“அடி பைத்தியம்! அது கேமராவுக்கு. ஸ்பாஞ்ச் போன இடத்துல வெளிச்சம் பூந்து ஃபிலிமே பாழாயிடும். நம்ம பாமாக்கோ ஊருல புது ஸ்பாஞ்சுக்கு எங்க போறது? பின்னல் நூலைத் திணிச்சு ஒட்டிட்டா கச்சிதமா அடைச்சுக்கும். தொட்டுப் பாரு!”

தொட்டுப் பார்த்தாள். உண்மைதான், கதவின் விளிம்பு நெடுக நூல் மெத்தென்று ஒட்டியிருந்தது. நியேலேயின் முகம் தெளிந்தது.

“அட, இதுக்கா நான் ராத்திரியெல்லாம் அழுதேன்! நாளைக்குச் சந்தையில நானே ஒரு கட்டு வாங்கிட்டு வரேன். எந்த நிறம்னாலும் சரிதானே?”

“ஐயையோ, கறுப்பு மட்டும்தான்!” பகாரி மார்தட்டினான். “வேற நிறம்னா உள்ளே வெளிச்சம் தெறிக்கும். இத்தனை வருஷத்துல வேற நிற நூலை இந்தக் கையால தொட்டதுகூட இல்ல.”

நியேலே மூடியிருந்த கையை அவன் மூக்குக்கு நேரே விரித்தாள்.

“அப்போ இந்தச் சிவப்பு எந்தக் கேமராவுக்கு?”