சிவப்பு பல்பு

உள்ளூர் வானொலியில் அறிவிப்பாளராக இருந்த காலமெல்லாம், ஒலிபரப்பு அறையில் சிவப்பு பல்பு எரிந்த பிறகுதான் வாயைத் திறப்பேன். ஓய்வு பெற்ற பிறகும் அந்தப் பழக்கம் போகவில்லை. வீட்டில் யார் எது கேட்டாலும் என் கண் சுவரில் பல்பைத் தேடும், பேச்சு வராது. என் மனைவி செண்பகம் கொஞ்ச நாள் பொறுத்துப் பார்த்தாள். பிறகு எலெக்ட்ரீசியனை வரவழைத்துச் சாப்பாட்டு மேசைக்கு மேலே ஒரு சிவப்பு பல்பை மாட்டச் சொன்னாள்.

“இப்ப சொல்லுங்க, ரசத்துல உப்பு இருக்கா?” என்று ஸ்விட்சைப் போடுவாள். ஊருக்கே அறிவிப்பதுபோல் சொல்வேன். போதுமென்று தோன்றினால் அணைத்துவிடுவாள். எனக்கும் அது வசதியாகத்தான் இருந்தது.

நேற்று தன் ஸ்கேன் முடிவைக் கேட்க அவள் ஆஸ்பத்திரிக்குத் தனியாகப் போனாள். “அங்க வந்து நீங்க என்ன பேசப் போறீங்க?” என்று என்னை வீட்டிலேயே விட்டுவிட்டாள். திரும்பி வந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல் மேசையருகே உட்கார்ந்தாள். ஸ்விட்சையும் தொடவில்லை. நான் பல்பையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

கடைசியில் நானே எழுந்துபோய் ஸ்விட்சைப் போட்டேன். திரும்பி வந்து அவளுக்கு எதிரே வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்தேன்.

அவள் அண்ணாந்து பல்பைப் பார்த்தாள். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டாள்.