இடி விழுந்த கேட்

சகலருக்கும் ஆழ்ந்த வருத்தத்துடன் அறிவிப்பது என்னவென்றால், ஓய்வுபெற்ற தலைமைப் பொறியாளரின் வீட்டுத் தானியங்கி கேட் நேற்றைய இடியில் காலமானது. பொறியாளரே இதைப் போனில் மகளுக்குத் தெரிவித்தார்.

"போர்டு போச்சும்மா. சிவப்பு லைட் விட்டுவிட்டு எரியுது. பச்சை எரிஞ்சாத்தான் கேட் நல்லா இருக்குன்னு அர்த்தம். இப்ப கிளம்பி வந்துடாதே, உள்ளே நுழைய முடியாது."

"இடியே விழுந்தாலும் ஒண்ணும் ஆகாதுன்னு சர்ஜ் ப்ரொடெக்டர் மாட்டினீங்களேப்பா?"

"அது அடியைத் தன்மேல வாங்கிக்கிட்டுச் செத்துப்போச்சு. அதோட கடமையே அதுதானே?"

"அவர் நேத்தும் அடிச்சார்ப்பா. கன்னம் வீங்கியிருக்கு."

"ஐஸ் வை. மாப்பிள்ளை கோபமா இருந்தா எதிர்ல போய் நிக்காதே."

"கேட்டைச் சாவி போட்டுக் கையால தள்ளித் திறக்கலாமே?"

"வாரண்டி போயிடும். படிச்ச பொண்ணு நீ, டெக்னிக்கல் பிரச்சினையைப் புரிஞ்சுக்கணும்."

"மெக்கானிக் எப்ப வருவார்?"

"பார்ட்ஸ் வரணும். ரெண்டு மாசம் ஆகலாம். அதுக்குள்ள மாப்பிள்ளையும் மாறிடுவார்."

"இப்பவும் சிவப்புதான் எரியுதாப்பா?"

"நான் என்ன பொய்யா சொல்றேன்? பார்த்துட்டுத்தானே வந்து பேசுறேன்."

"சரிப்பா" என்று மகள் போனை வைத்தாள்.

பெட்டியோடு அவள் அந்தக் கேட்டுக்கு வெளியேதான் நின்றிருந்தாள். தூணில் பச்சை விளக்கு கண்கொட்டாமல் எரிந்துகொண்டிருந்தது.

வந்த வண்டியையே திருப்பச் சொல்லி ஏறிக்கொண்டாள்.

கேட் நன்றாகத்தான் வேலை செய்தது.