சாய்ந்துகொள்ள ஒரு முதுகு

அந்த நகரத்தில் முகவரி இல்லாதவர் படுத்தால் தரை தண்ணீரைப் பீய்ச்சும். தூண்களிலெல்லாம் முள்கம்பி. அதனால் மேம்பாலத்தடியில் இருவர் இருவராக, முதுகோடு முதுகு சாய்ந்து, உட்கார்ந்தபடியே தூங்குவார்கள்.

அன்று மதியம், அந்தத் தண்ணீர்க் குழாய்களைப் பதிக்கச் சொன்ன அதிகாரி நல்லசிவமே ஈரப் பெட்டியோடு வந்து நின்றார். பிள்ளைகள் வீட்டை எழுதி வாங்கியதும் அவருடைய முகவரியும் போய்விட்டது.

"தூங்கி நாளாச்சும்மா. கொஞ்சம் முதுகு குடும்மா."

தனியாக உட்கார்ந்திருந்த மரிக்கொழுந்து நிமிர்ந்து பார்த்தாள். ஆளை அடையாளம் தெரிந்தது. காய்ச்சலோடு படுத்த புருஷனை அந்தத் தண்ணீருக்குத்தான் பறிகொடுத்திருந்தாள். அதற்குப் பிறகு அவள் முதுகுக்கும் ஆளில்லை. சரியான தூக்கமும் இல்லை.

"இடம் காலியாத்தான் இருக்கு. ஆனா அது எம்புருஷன் இடம். நீ தரையிலயே படுத்துக்க சார்."

அவர் கண் சொருகிச் சரியப்போகும் நிமிடத்தைப் பார்க்க, தன் தூக்கத்தையும் விட்டுவிட்டு, அவருக்கு நேரெதிரே திரும்பி உட்கார்ந்தாள்.