ஐந்தாம் நம்பர் பாய்

டுமீல்!

ஐந்தாம் நம்பர் பாயில் குப்புறக் கிடந்த மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர் அசையவில்லை. முகம் கைமடிப்புக்குள் புதைந்திருந்தது.

"என்ன டீச்சர், ஆள் போயிட்டாரா?" என்று கேட்டார் பக்கத்துப் பாயில் இன்னொருவருக்குச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்த மீசைக்காரர்.

"அண்ணே, கண்ணைத் திறங்க. சுட்டது நீங்கதான். உங்களை யாரும் சுடல," என்றாள் டீச்சர்.

கடைக்காரர் ஒரு கண்ணை மட்டும் திறந்தார். "வீட்ல அவ குரலை உசத்தினாலே எனக்குக் கண்ணு மூடிக்கும் டீச்சரம்மா. இது துப்பாக்கி வேற!"

டீச்சர் தலையில் அடித்துக்கொள்ளாத குறை. துப்பாக்கி சுடக் கற்றுக்கொடுப்பவர்களுக்கான ஏழு நாள் முகாம் அது. இன்று மூன்றாம் நாள். அவளே சுட்டால் பத்துக்குப் பத்து. வீட்டு அலமாரியில் மெடல் வைக்க இடமில்லை.

ஆனால் இங்கே சுட வேண்டியவள் அவளில்லை. ஆளுக்கொரு கத்துக்குட்டியை ஒப்படைத்திருந்தார்கள். கடைசி நாள் பரீட்சையில் அந்தக் கத்துக்குட்டி ஐந்து நிமிடத்தில் பத்து முறை சுட்டு, குறைந்தது ஏழு குண்டைக் கறுப்பு வட்டத்துக்குள் இறக்க வேண்டும். இறக்கினால்தான் சொல்லிக்கொடுத்தவருக்குச் சான்றிதழ்.

சான்றிதழோடு திரும்பினால் பள்ளிக்கூடத்தில் விளையாட்டு டீச்சர் வேலை நிரந்தரம். இல்லையென்றால் நாலு வருடத் தற்காலிக வேலையும் இந்த மாதத்தோடு சரி. தலைமை ஆசிரியை முகத்துக்கு நேராகவே சொல்லி அனுப்பியிருந்தார்.

அதனால் அவளுக்கு இருப்புக் கொள்ளவில்லை. சாப்பாட்டுத் தட்டைக் கையில் வைத்துக்கொண்டே கூடத்தைச் சுற்றி நடந்தாள். தலைமையகத்திலிருந்து வரப்போகிற பரிசோதகர் எப்படிப்பட்டவர் என்று சமையல்காரரைக்கூட விசாரித்துவிட்டாள்.

"யாரும் பாத்ததில்லம்மா. ஆனா கறாரான ஆளாம்," என்றார் அவர், அவள் தட்டில் ரசத்தை ஊற்றிக்கொண்டே.

போதாக்குறைக்குக் கணவன் போனில் புலம்பினான். "நான் சமைச்சதைப் பாத்துட்டுப் பசங்க ரெண்டும் பசிக்கலைன்னு சொல்லுதுங்க. சீக்கிரம் பாஸ் பண்ணிட்டு வா."

பாஸாவது! கடைக்காரரிடம் ஒன்றைத் திருத்தினால் மறுநாள் இன்னொன்று முளைத்தது. கண் மூடுவது நின்றதும் முழங்கை வழுக்கியது. முழங்கை நின்றதும் மூச்சை அடக்க மறந்தார்.

ஒரே ஒரு விஷயம்தான் தேவலை. துப்பாக்கியை எடுத்த கையோடு, குழலின் பின்பக்கத்தை மூடும் போல்ட்டைத் திறந்து, உள்ளே தோட்டா கிடக்கிறதா என்று பார்த்துவிடுவார். முதல் நாளே, யாரும் சொல்லாமலே செய்தார். பயந்த சுபாவத்திலும் ஒரு நன்மை உண்டு என்று நினைத்துக்கொண்டாள் டீச்சர்.

ஏழாம் நாள் காலையில், பெரிய குடையின் நிழலில் கறுப்புக் கண்ணாடி போட்ட ஒருவர் மதிப்பெண் தாளோடு வந்து உட்கார்ந்தார். மீசைக்காரர் விறைப்பாக ஒரு சல்யூட் வைத்தார். விசில் ஊதியது.

கடைக்காரர் ஆடி அசைந்துதான் சுட்டார். ஆனால் தொலைநோக்கியில் பார்த்த டீச்சரால் தன் கண்ணையே நம்ப முடியவில்லை. எட்டில் ஆறு உள்ளே! பாக்கி இரண்டு, அதில் ஒன்று விழுந்தால் போதும். ஐம்பது வினாடி இருந்தது.

ஒன்பதாவது தோட்டாவை அவரே போட்டு விசையை அழுத்தினார். 'டிக்' என்றது. அவ்வளவுதான்.

"வெடிக்கல டீச்சரம்மா. இதைத் தூக்கிப் போட்டுட்டு அடுத்ததைப் போடறேன்." அவர் கை போல்ட்டுக்குப் போனது.

"தொடாதீங்க!"

வெடிக்காத தோட்டா தாமதமாகவும் வெடிக்கலாம். போல்ட்டைத் திறக்கிற நேரம் பார்த்து வெடித்தால் மூஞ்சியைப் பதம் பார்த்துவிடும். குழல் இலக்கைப் பார்த்தபடியே இருக்க, முழுதாக ஒரு நிமிடம் காத்திருக்க வேண்டும் என்பது விதி. அவளிடம் அந்த ஒரு நிமிடம் இல்லை.

"அட, திறக்கச் சொல்லும்மா!" தன் ஆளை முன்னமே முடிக்கவைத்துவிட்ட மீசைக்காரர் கிசுகிசுத்தார். "ஆயிரத்துல ஒண்ணுகூட அப்படி வெடிக்காது. அவரும் பாக்கல." குடைக்காரர் நிஜமாகவே குனிந்து பேனா மூடியைத் தேடிக்கொண்டிருந்தார்.

"முப்பது செகண்ட் இருக்கு டீச்சரம்மா," என்றார் கடைக்காரர். "டக்குனு திறந்துடறேன். உங்க வேலை போயிடுமே?"

டீச்சரின் ஷூ முனை மண்ணைக் குடைந்தது. தலைமை ஆசிரியையின் முகம் வந்தது. தட்டை ஒதுக்கும் பிள்ளைகள் வந்தார்கள். 'திற' என்ற சொல் நாக்கு நுனிவரை வந்துவிட்டது.

அவள் கடைக்காரரின் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்தாள்.

"வேலை போனா வேற தேடிக்கலாம் அண்ணே. உங்க கண்ணு போனா எந்தக் கடையில வாங்குவீங்க? அசையாதீங்க."

விசில் ஊதியது. நேரம் முடிந்தது. மீசைக்காரர் உச்சுக் கொட்டினார்.

டீச்சர் பிடியை விடவில்லை. இன்னும் இருபது வினாடியை வாய்விட்டு எண்ணி முடித்தாள். பிறகு தானே போல்ட்டைத் திறந்து, தோட்டாவை எடுத்துப் பாயில் வைத்தாள். கண் கலங்கியதை மறைக்கத் தொப்பியை முன்னால் இழுத்துவிட்டுக்கொண்டாள்.

கடைக்காரர் எழுந்து, முழங்கால் மண்ணைத் தட்டிவிட்டார். குடையின் பக்கம் திரும்பிக் கையை நீட்டினார்.

"தாளை இப்படிக் கொண்டு வாய்யா... இந்தப் பொண்ணுக்கு மார்க் போட வேண்டியவன் நான்தானே!"