நீலக் கொக்கி

மொட்டைமாடி ஊஞ்சலின் கொக்கி முறிந்து, கைப்பிடிச் சுவரைத் தாண்டி விழுந்து செண்பகவல்லி இறந்து நாற்பது நாளாகிவிட்டது. உலோகம் எந்தச் சுமையில் முறியும் என்று கணினியில் கணக்கிடுவதுதான் அவள் கணவன் இளவழுதியின் வேலை. கொக்கியை மாட்டியவனும் அவனே. அவன் மனம் தேறட்டும் என்று, உடன் வேலை செய்யும் பாத்திமுத்து அந்தக் கொக்கியைத் திரையில் வரைந்திருந்தாள்.

“அவங்க எடை?”

“ஐம்பத்திரண்டு.”

“எவ்வளவு வேகமா ஆடுச்சு?”

“மெதுவாத்தான்.” போலீசிடமும் அப்படித்தான் சொல்லியிருந்தான்.

அவள் கணக்கை ஓட்டினாள். திரையில் கொக்கி சிவந்தால் அது முறியும் என்று பொருள். கொக்கி நீலமாகவே நின்றது.

“பாத்தீங்களா? இரும்புலதான் ஏதோ கோளாறு. உங்க மேல தப்பே இல்ல சார்.”

“போதும்ங்க, பயமா இருக்கு” என்று அன்று ஊஞ்சலில் செண்பகவல்லி சிரித்துக்கொண்டே கத்தினாள். அவன் இன்னும் ஓங்கித் தள்ளினான்.

“கணக்க இன்னொரு தடவ ஓட்டுங்க” என்றான்.

பாத்திமுத்து விசைப்பலகையில் விரலை வைத்தாள்.

“எதை மாத்தணும் சார்?”