பத்துக்கு ஏழு

"பத்துக்கு எத்தனை வலி, ஐயா?"

"ஏழு இருக்கும்மா," என்றார் தையல்காரர்.

தெரபிஸ்ட் பெண்ணுக்கு எரிச்சல் பொத்துக்கொண்டு வந்தது. பத்தொன்பது நோயாளிகள் பூஜ்யம் சொல்லியாகிவிட்டது. இவர் மட்டும் ஒரு மாதமாக ஏழிலேயே நிற்கிறார்.

பக்கவாதம் வந்த கைக்குக் கரண்ட் கொடுத்து விரல்களை அசைய வைக்கும் மெஷின் அது. பழைய மெஷின் வலியோடு செய்ததை இந்தப் புது மெஷின் வலிக்காமல் செய்ய எட்டு வருஷம் மண்டையை உடைத்துக்கொண்டவர் பக்கத்தில் நின்றிருந்தார். ஆஸ்பத்திரியில் அவருக்கு 'ஷாக் சார்' என்று பெயர். சிரித்து யாரும் பார்த்ததில்லை.

எதையும் முதலில் வீட்டில் தன் கையில்தான் சோதிப்பார். "வலிக்குதா?" என்று அவரே கேட்டு, "இல்லை" என்று அவரே சொல்லிக்கொள்வார். கேட்க வேறு ஆள் இல்லை.

சோதனைக்கு எடுத்த இருபது பேரும் பூஜ்யம் சொன்னால்தான் மெஷினுக்கு அனுமதி. அன்றைக்குத்தான் கடைசி நாள்.

ஷாக் சார் மெஷினுக்குப் பின்னால் கையை விட்டு, தையல்காரருக்குத் தெரியாமல் வயரைப் பிடுங்கினார். "இப்ப எத்தனை?"

"ஏழுதான் சார்."

அவள் ஷாக் சாரை வராந்தாவுக்குக் கூட்டிக்கொண்டு போனாள். "கரண்டே இல்லை, ஏழாம். இந்த மாதிரி ஆளை லிஸ்ட்லேர்ந்து எடுக்க ரூல் இருக்கு சார். பேரை அடிச்சுட்டுப் போய்ட்டே இருங்க."

அவர் உள்ளே வந்து கட்டிலோரம் உட்கார்ந்தார்; அவளும் பின்னாலேயே வந்து நின்றாள். "வயரைக் கழட்டிட்டேன். ஏன் பொய் சொல்றீங்க?"

தையல்காரர் தலையைக் குனிந்துகொண்டார்.

"பழைய மெஷின்ல உசிரு போற மாதிரி வலிக்கும் சார். கத்துவேன். இந்தப் பொண்ணு ஓடி வந்து என் நல்ல கையைப் பிடிச்சுக்கிட்டு உக்காரும். உங்க மெஷின்ல பட்டனைத் தட்டிட்டு அடுத்த கட்டிலுக்குப் போயிடுது. அதைக் குத்தம் சொல்லலை, அதுக்கு வேலை அப்படி. ஏழுன்னு சொன்னா திரும்பி வருது. வேற யாரும் என் கையைத் தொடுறதில்லை சார்."

ஷாக் சார் பேனாவை எடுத்தார்.

"நிஜமா எத்தனை?"

"முதல் நாள்லேர்ந்தே பூஜ்யம்தான்."

ஷாக் சார் பூஜ்யம் என்று எழுதி, கையெழுத்து வாங்கிக்கொண்டு, ஆறுதலாக ஒரு வார்த்தைகூடச் சொல்லாமல் கிளம்பிவிட்டார். காரியம் ஆனதும் கழன்றுகொள்கிறார் பார், என்ன ஜென்மமோ என்று அவளுக்கு வெறுத்துவிட்டது.

ஆறு மாதம் கழித்து அனுமதியோடு புது மெஷின்கள் வந்து இறங்கின. கூடவே ஒரு விளக்கப் புத்தகம். அதன் முதல் பக்கத்தில் தடித்த எழுத்தில் இருந்தது:

'பட்டனை அழுத்தியவர் பத்து நிமிடம் நோயாளியின் இன்னொரு கையைப் பிடித்தபடி அருகில் உட்கார வேண்டும். இல்லாவிட்டால் மெஷின் சரியாக வேலை செய்யாது.'

அவள் ஃபோன் போட்டாள். "சார், கையைப் பிடிக்காமலே போட்டுப் பார்த்தேன். நல்லாத்தானே ஓடுது?"

"ஓடும்மா," என்றார் ஷாக் சார். "அப்படி எழுதலைன்னா யாரு பிடிப்பாங்க?"